வெறும் டப்பா

என்னை ஓர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் எல்லோரும் முதலில் பாராட்டுவார்கள். எதற்காக என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவள்தான்.

என் நாத்தனார் மகள் சிந்து, தில்லி துவாரகாவில் எங்களோடு தங்கி உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் அப்பா அம்மா சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றதும் சேலத்துக்குப் போய்விட்டார்கள். பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எதையும் அப்பழுக்கில்லாமல் செய்தே தீரவேண்டும் என்று உயிரை விடுகிறவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக வருகிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தில்லியில் இருக்கும் நடுவயதுத் தமிழ்ப் பெண்களிடம் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு கட்சி தேவை. அப்பழுக்கில்லாதவர்கள் ஒரு கட்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் இன்னொரு கட்சி.

முதல் கட்சிக்கு எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பஞ்சமே இல்லை. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் சிக்கவில்லை. நமக்குத் தெரிந்த பெண்களில் அப்படி யாராவது உண்டா மாமா என்று ஒருநாள் சாப்பிடும்போது சிந்து கேட்டாள். என் வீட்டுக்காரர் செந்தில்குமார் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறார். அந்த மனிதர் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ரசம் சொட்டும் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபப்பட்டு என்ன சொல்வது? தில்லியின் இன்னொரு மூலையான ரோஹிணியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஒரு நாள் முன்னதாகவே போய், முன்பின் தெரியாத பஞ்சாபிக் கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டு, மொய்யும் வைத்து, மாப்பிள்ளையோடு போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தவள் நான். மறுநாள் சரியான கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவை கசங்கிப் போயிருந்தது. அதையே கட்டிக்கொண்டு போனேன்.

சிந்து கேள்வித்தாளைக் கொடுத்தாள். "ஒரு வேலையைச் சரியாகச் செய்ய முடியாவிட்டால் செய்யாமல் இருப்பதே மேல் என்று நினைப்பீர்களா?" ஒருபோதும் இல்லை. "செய்து முடித்த வேலையை மறுபடி சரிபார்ப்பீர்களா?" எதற்கு? இப்படியே டிக் அடித்துக்கொண்டு போனேன். அவள் கூட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கடைசி மதிப்பெண் வாங்கி அதற்குப் பாராட்டும் வாங்கியது குடும்பத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பழுக்கில்லாத கட்சியைச் சமூகக் கூடத்தில் கூட்டிவைத்து, எனக்குத் தந்த மாதிரியே அந்தத் தாளோடு மனச்சோர்வுத் தாளும் கொடுத்தபோது நானும் டீ ஊற்றப் போயிருந்தேன். அந்தக் காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம். மத்திய அரசு மந்திராலயம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற சாந்தகுமாரி அம்மா, டிக் எல்லாம் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், தாளில் டீ சொட்டிவிடும் என்று எழுதி முடிக்கும்வரை டீயே குடிக்கவில்லை. எனக்கு நெருங்கிய தோழியான உமாமகேஸ்வரி, ஒரு டிக்கின் வால் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று புதுத் தாள் கேட்டு வாங்கி முதலிலிருந்து எழுதினாள்.

உமாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாவது மாடி, திருநெல்வேலிக்காரி. புருஷன் ஸ்ரீதர் அண்ணன் மாற்றலில் குவாஹாத்தியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். பையன் பெங்களூரில். அவள் நைட்டியோடு லிப்டில் வந்து நான் பார்த்ததில்லை. காய்கறி வண்டிக்காரப் பையா வந்தால்கூட, முந்தானையில் பின் குத்தி, தலை வாரி, பொட்டு வைத்துத்தான் இறங்குவாள். அந்தப் பையாவே அவளுக்கு மட்டும் தக்காளியைத் துடைத்துக் கொடுப்பான்.

தாள்களை எல்லாம் கூட்டிப் பார்த்த சிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். யார் என்ன எழுதினார்கள் என்று அவள் சொல்லமாட்டாள், அதில் கறார். மொத்தக் கணக்கை மட்டும் சொன்னாள். அப்பழுக்கில்லாத கட்சியில் எல்லோருக்கும் மனச்சோர்வு சுத்தமாகப் பூஜ்யம். அழுகை இல்லை, களைப்பு இல்லை, ஒருவருக்கும் ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை. ஒன்று உங்கள் சொசைட்டி சொர்க்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லோரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். இதில் கொடுமை, சோர்வு என்று ஏதோ கொஞ்சமாவது மதிப்பெண் வந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அது நான்.

சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசு சரியில்லையா அத்தை என்று கேட்டாள். கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். இந்த வாரம் அழுதீர்களா என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை சீரியல் பார்த்து அழுதேனா இல்லையா? தூக்கம் கெட்டதா என்றால், எதிர் பிளாக்கில் ஜாக்ரண் பஜனை வைத்து விடிய விடிய மைக்கில் பாடினார்களே, கெடாமல் இருக்குமா? என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் புரியவில்லை. பயந்துபோய் ஒரு வாரம் தானே டீ போட்டுக் கொடுத்தார், பாத்திரமும் தேய்த்தார். நான் அந்த வாரத்தை இன்னொரு வாரத்துக்கு இழுத்துவிட்டேன்.

பாத்திரம் தேய்த்தவர்தான் கண்டுபிடித்தார், வீட்டில் டப்பாவே இல்லை என்று. மறுநாள் அவருக்கு மதியச் சாப்பாடு கட்ட ஒரு எவர்சில்வர் டப்பாகூடக் கிடைக்கவில்லை. அலமாரி, லாஃப்ட், ஃபிரிட்ஜ் எல்லாம் குடைந்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. எல்லாம் உமாக்கா வீட்டில் இருந்தன.

நம் வீடுகளில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தரவேண்டும். உமாக்கா அதில் ராணி. நான் அடிப்பிடித்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்தால், மறுநாள் காலையில் என் டப்பா தேய்த்துப் பளபளவென்று, உள்ளே ஒரே அளவு மாலாடுகளோடு வந்து நிற்கும். என் டப்பாதானா என்று திருப்பிப் பேர் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவள் தீபாவளிக்குப் பிறகு ஒரு டப்பாகூடத் திருப்பவில்லை. இப்போது குளிர் முடிந்து ஸ்வெட்டர்களை மேலே ஏற்றும் காலம். நான் பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என்மேல் என்ன கோபம் இவளுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது. சண்டை போட்டாவது டப்பாவை மீட்பது என்று ஆறாவது மாடிக்குக் கிளம்பினேன்.

உமாக்கா கதவை ஒரு சாண் திறந்தாள். புடவை, பின், பொட்டு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. நாளைக்குத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். நான் விடுவேனா? தாகமாக இருக்கிறது, ஒரு வாய் தண்ணீர் என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டேன். தண்ணீர் கேட்டவளை வாசலில் நிறுத்த அவளால் முடியாது, அது எனக்குத் தெரியும்.

சமையலறை மேடையில் என் டப்பாக்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் மூடியோடு, முகம் பார்க்கலாம் போலத் துலங்கின. அடுப்பும் அப்படியே துலங்கியது. தாளித்த வாசனை துளிகூட இல்லை. குப்பைக்கூடையில் மட்டும் ஒரு தட்டு மைசூர்பாகு, வெட்டின துண்டு வெட்டினபடி கிடந்தது.

"பதம் தப்பிட்டு," என்றாள். "ஒவ்வொரு தடவையும் தப்பிப்போகுது. அதான் குடுக்கல."

தப்பினால் என்ன, என் வீட்டுக்காரர் பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சரி, சும்மா ஒரு டப்பாவைக் கொடுங்கள் என்று கை வைத்தேன். அவள் அதை இழுத்துக்கொண்டாள்.

"வெறும் டப்பாவ எப்படிக் குடுக்க, வேணி?"

ஒரு கை சர்க்கரை போடுங்கள் என்றேன். சீனிப் பாட்டிலை எடுத்தாள், திறந்தாள், உள்ளே பார்த்தாள். கட்டி தட்டியிருக்கிறது என்று மூடி வைத்துவிட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று மறுபடி சொல்லி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். தண்ணீரும் தரவில்லை, டப்பாவும் தரவில்லை.

வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினேன். சீனிப் பாட்டிலை அவள் திறந்த மாதிரி திறந்து, அவள் பார்த்த மாதிரி பார்த்தேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிந்து சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி அத்தை என்று கேட்டாள். தீபாவளியிலிருந்து என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குளிர்காலம் பூராவும் ஒரு மனுஷி தனியாக அந்த வீட்டில், தனக்கென்று அடுப்பு மூட்டாமல், புருஷன் வரும் நாளுக்கும் வீடியோவில் கூப்பிடும் நேரத்துக்கும் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சாப்பாடு. அன்றைக்கு இட்லி, மறுநாள் புளியோதரை, அதற்கு மறுநாள் கிச்சடி என்று மேலே அனுப்பினேன். டப்பா இல்லாததால் குக்கர் தட்டில், ஐஸ்கிரீம் டப்பாவில், கடைசியில் பால் காய்ச்சும் பாத்திரத்திலேயே அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் சாம்பார் சாதத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார். சக ஊழியர்கள் கேட்டதற்கு, டாக்டர் சொன்னது என்று சொல்லிவிட்டாராம்.

சிந்து இதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"அத்தை, நீங்க அவங்க தலையில பாரம் ஏத்திட்டே இருக்கீங்க. ஒவ்வொரு டப்பாவுக்கும் அவங்க பதில் செஞ்சாகணும்ல?"

எனக்கு அது உறைக்கவே இல்லை. வெறும் டப்பா என்றால் எனக்கு வெறும் டப்பா. அவளுக்கு அது தோற்றுப்போனதாக அர்த்தம். குறை தெரியக் கூடாது என்று இருக்கிறவர்கள் துக்கத்தையும் ஒரு குறையாக நினைத்து ஒளித்துவிடுவார்கள் என்று சிந்து சொன்னாள். அவள் டாக்டரிடம் போக வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் முடியவில்லை என்று ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் போய்ப் பிடுங்கக் கூடாது, அவளே தர வேண்டும்.

சிந்துவின் ஆராய்ச்சியில் இரண்டாம் கட்டம் ஒன்று இருந்தது. ஹோலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கூடத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வேலையை வேண்டுமென்றே குறையோடு செய்து கொண்டுவர வேண்டும். அதை நாலு பேர் பார்க்கத் தாங்கிக்கொள்ள வேண்டும். நான் ஆறாவது மாடிக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. கதவிடமே சொன்னேன்.

"உமாக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்ணும் செஞ்சு கொண்டாராதீங்க. என் டப்பாவ வெறும் டப்பாவா கொண்டாங்க. எனக்கு அது போதுங்க."

நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது! குறையோடு செய்யச் சொன்னால், அந்தப் பெண்கள் அப்பழுக்கில்லாத குறைகளாகச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் உப்பில்லாத எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தார். யாருக்காவது வேண்டுமென்றால் என்று உப்பைத் தனிக் கிண்ணத்தில் மூடியும் கொண்டுவந்தார். ஒருவர் ரவிக்கையில் ஒரு கொக்கியை மாற்றித் தைத்திருந்தார். அந்தத் தையல் அவ்வளவு நேர்த்தி, கொக்கி மாறியிருப்பதே தெரியவில்லை. சாந்தகுமாரி அம்மா தரையில் கோலம் போட்டார், ஒரு புள்ளியை விட்டுவிட்டு. எந்தப் புள்ளியை விட்டால் குறை அழகாகத் தெரியும் என்று வீட்டில் போட்டுப் போட்டுப் பார்த்தாராம். யாருடைய குறை சிறந்த குறை என்று சண்டையே வந்துவிட்டது. மார்க் போடு சிந்து என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவள் தமிழை மறந்து இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. ஆனாலும் என் கண் வாசலிலேயே இருந்தது.

நான் கொண்டுபோயிருந்த கேசரியை மட்டும் யாரும் போட்டிக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இது வேண்டுமென்றே செய்த குறை இல்லை, சொந்தக் குறை என்று தள்ளிவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் உமாக்கா வந்தாள். செருப்பு விடும் இடத்தில் நின்றாள். நைட்டி, மேலே ஒரு துப்பட்டா. தலை வாரவில்லை, பொட்டு இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள், மார்க் சண்டை நின்றுவிட்டது. அவள் யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து இரண்டு கையாலும் ஒரு டப்பாவை நீட்டினாள். எடை இல்லாமல் இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரியும். நான் திறந்து பார்த்தேன். வெறும் டப்பா.

"ஒண்ணும் இல்ல வேணி. ஒண்ணும் செய்ய முடியல. காலையில எந்திரிக்கவே முடியல." துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு, "செத்துப்போனா நல்லாருக்கும்னுகூட இருக்கு," என்றாள்.

டப்பாவோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது, நாளைக்கே டாக்டர் என்று என்னிடம் சொன்னாள். உமாக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சாந்தகுமாரி அம்மா. கோலத்தைத் தாண்டி வரும்போது அதை மிதித்து அழித்துவிட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"உமா, உன் தூக்குவாளி ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. தீபாவளிக்குக் குடுத்தது. நானும் தினம் எடுத்துப் பார்த்துட்டு வெச்சுடறேன்."

அதற்குப் பிறகு கூடம் அமளிப்பட்டது. உப்பில்லாச் சாதக்காரி, தன்னிடம் சாந்தகுமாரி அம்மாவின் அடுக்கு ஒன்று நவராத்திரியிலிருந்து இருக்கிறது என்றாள். கொக்கிக்காரியிடம் உப்பில்லாச் சாதக்காரியின் சம்படம் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அழுதார்கள், அழும்போதே சிரித்தார்கள். பசி வந்து என் கேசரியைப் பிய்த்துத் தின்றார்கள். சாந்தகுமாரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிந்துவிடம், அந்த மனச்சோர்வுத் தாள் புதிதாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பின்னாலேயே எல்லோரும் கேட்டார்கள். ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. அதைச் சொல்லிச் சிந்து குதித்த குதி இருக்கிறதே, பட்டமே வாங்கினாலும் அப்படிக் குதிக்கமாட்டாள்.

அன்றைக்கே ஸ்ரீதர் அண்ணனுக்குப் போன் போட்டோம். கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்துவிட்டார். உமாக்கா அவர் வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து, அந்த டப்பாவில் நான் கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தை இரண்டு பேரும் தின்றோம். உப்பு போட மறந்திருந்தேன். அவள் குறை சொல்லாமல் பாதி தின்றாள். டாக்டரம்மா அவளோடு வெகுநேரம் பேசினார். மாத்திரை கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். ஒரே நாளில் மாறிவிடாது என்றும் சொன்னார். மாறவும் இல்லை. சில வாரம் கதவு ஒரு சாண்தான் திறக்கும். அந்த ஒரு சாணில் நான் நுழைந்துவிடுவேன்.

நேற்று மதியம் காலிங் பெல் அடித்தது. உமாக்கா நைட்டியில் நின்றாள், கையில் முந்தாநாள் நான் ரசம் சாதம் அனுப்பிய டப்பா. வாங்கித் திறந்தேன். அடியில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை.

"தேய்க்கல," என்றாள் உமாக்கா. "நீயே கழுவிக்கோ."

சொல்லிவிட்டு லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி படியேறிப் போய்விட்டாள். மேலேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் அந்த டப்பாவைக் கழுவவே இல்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்க்கட்டும் என்று சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்திருக்கிறேன்.